ரன்னைக் கூட்டு, பந்தைக் கூட்டு

கொருக்குப்பேட்டை
ஞாயிறு காலை

கண்ணா,

நீ அனுப்பிய ஐபிஎல் பட்டியலைப் பார்த்தேன். நாட்டுக்காக ஆடியவர்கள் ஒரு பக்கம், இன்னும் ஆடாதவர்கள் மறுபக்கம், கீழே பக்கத்துக்கொரு சராசரி ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்டிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் நாட்டுக்காக ஆடியவர்கள்தான் வேகமாக அடிக்கிறார்கள் என்ற உன் முடிவை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லைடா.

ஸ்ட்ரைக் ரேட்டுகளைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறாய். பத்து பந்தில் 30 அடித்தவனுக்கு 300. முந்நூறு பந்தில் 420 அடித்தவனுக்கு 140. உன் வழியில் சராசரி 220 வரும். 450 ரன்னை 310 பந்தால் வகுத்துப் பார், 145தான். எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்!

அடுத்தது, யார் எந்தப் பக்கம் என்பது. 2024 ஐபிஎல்லில் அபிஷேக் சர்மா 484 ரன், ஸ்ட்ரைக் ரேட் 204. அப்போது அவர் இந்தியாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. அவரோடு ஓப்பனிங் இறங்கிய டிராவிஸ் ஹெட்டுக்கு 191. ஜூலையில் ஹராரேயில் இந்தியாவுக்காக அபிஷேக்கின் முதல் ஆட்டம், ரன் எடுக்காமல் அவுட். மறுநாளே 46 பந்தில் சதம். இப்போது அவர் உன் பட்டியலில் நாட்டுக்காக ஆடியவர்கள் பக்கம் போய்விட்டார். அதனால் அந்தந்த சீசனில் யார் என்னவாக இருந்தார்கள் என்று பார்த்துப் பிரி. ஏலப் பட்டியலையும் அப்படியே நம்பாதே. 2025க்கு சென்னை தோனியை 4 கோடிக்கு 'அன்கேப்டு', அதாவது நாட்டுக்காக ஆடாதவர் என்ற கணக்கில்தான் வைத்துக்கொண்டது.

எனக்கு மனசு ஆறாதது இதுதான். பவர்பிளே என்கிற முதல் ஆறு ஓவரில் மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர். அப்புறம் ஐந்து பேர் நிற்கலாம். ஓப்பனருக்கு நாலு பந்து பார்த்து ஆட நேரம் இருக்கிறது. பதினேழாவது ஓவரில் இறங்குகிற பையன் வந்த முதல் பந்தையே தூக்கி அடிக்க வேண்டும். அவுட்டானால் அடுத்த மேட்சில் அவன் பெஞ்சில். வெளிநாட்டுக்காரர்களோ உலகம் முழுக்கப் பொறுக்கி எடுத்து, பதினொருவரில் நாலு பேர் மட்டும். இவர்களை ஒரே தராசில் வைக்கலாமா? 2024இல் கீழே இறங்கி ஆடிய ஷஷாங்க் சிங் 354 ரன், 164. அந்த சீசனில் அதிக ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கிய கோலி 741 ரன், 154. இதை வைத்து ஷஷாங்க்தான் பெரியவர் என்றும் சொல்லிவிட முடியாது.

பவர்பிளே, நடு ஓவர், கடைசி நாலு ஓவர் என்று பிரித்து, அதற்குள் ஒப்பிடு. நூறு பந்து கூட ஆடாதவர்களைத் தனியாக வை.

இன்னும் நாட்டுக்காக ஆடாதவர்கள், ஏலத்தில் முப்பது லட்சம் அடிப்படை விலைக்குக் காத்திருக்கிற பையன்கள்டா. நம் தெருவில் சாயங்காலம் டென்னிஸ் பந்து ஆடுகிறவர்களும் அந்தக் கனவில்தான் இருக்கிறார்கள். அலுவலகத்தில் உன் அறிக்கையைப் படிப்பவர் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார். திருத்தாமல் கொடுக்காதே.

பந்துவாரியான விவரம் கிடைத்தால் சனிக்கிழமை போனில் படி, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா