ஒட்டகம் ஒருவருடையது, புல் எல்லாருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு இல்லாத சமூகம் சந்தையால் தழைக்குமா, பொதுவுடைமையால் தழைக்குமா என்று தங்கள் நாளிதழில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபின் நெடுங்காலம் மத்திய அரசே இல்லாமல் கிடந்த சோமாலியாவை ஒரே ஒருவர்தான் எடுத்துக்காட்டினார். அவரும் அதைச் சந்தையின் வெற்றியாக மட்டுமே காட்டியிருந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. உரிமம் வழங்க அலுவலகமே இல்லாத நாட்டில் தொலைபேசி நிறுவனங்கள் போட்டியிட்டு வளர்ந்தன. மைய வங்கி மறைந்த பின்னும் அந்நாட்டுப் பணமான ஷில்லிங் தாள்கள் கைமாறின (கள்ளத்தாள்களும் உடன் சேர்ந்ததால், 1000 ஷில்லிங் தாளின் மதிப்பு அதை அச்சடிக்கும் செலவளவுக்கு இறங்கியது என்பது வேறு கதை). வெளிநாட்டில் உழைப்பவர்களின் பணம், அங்கே ஒரு முகவரிடம் கட்டினால் இங்கே இன்னொரு முகவர் கொடுக்கும், நம்மவர் உண்டியல் என்று சொல்லும் அதே முறையில் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் பெறுபவர் எந்தக் குலம், எந்தக் கிளை என்று முகவர் அறிந்திருந்ததும், தவறு நடந்தால் கேட்பதற்கு இரு தரப்பிலும் பெரியவர்கள் இருந்ததும்தான் அந்த வணிகத்துக்கு அடித்தளம்.

மேய்ச்சல் வெளியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒட்டகம் ஒரு குடும்பத்தின் சொத்து. அதன் தோலில் போட்ட சூட்டுக்குறியோ குலத்தின் அடையாளம். புல்லும் மழைக்குட்டையும் பொது. பாடுபட்டுத் தோண்டிய கிணறு தோண்டியவர்களுக்கு. ஒருவன் கொலை செய்துவிட்டால், ஹேர் எனப்படும் வழக்காற்றுச் சட்டப்படி வழக்கமான ஈடு 100 ஒட்டகம். அதைக் கொன்றவன் மட்டுமல்ல, அவனுடைய பங்காளிகள் அனைவரும் சேர்ந்தே கட்டவேண்டும். (பெண்ணின் உயிருக்கு 50தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆக, பெர்பெரா துறைமுகத்துக்கு ஓட்டிச்சென்று விற்கும் ஆடு தனியுடைமை; விற்பவனின் உயிருக்கான காப்புறுதி பொதுவுடைமை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அந்த மந்தைக்காரருக்குக் கேள்வியே விளங்காது.

இந்தப் பிணைப்பு அறுந்த இடங்களைப் பார்ப்போம். எத்தியோப்பிய எல்லையை ஒட்டிய ஹவுத் மேய்ச்சல் சமவெளியில் 1950களிலிருந்து, பெர்காத் எனப்படும் சிமெண்டு பூசிய நீர்த்தொட்டிகளைத் தனியாட்கள் பொது மேய்ச்சல் நிலத்தில் வெட்டி, மழைநீரைத் தேக்கி, வறண்ட காலத்தில் விற்றார்கள். மழைக்காலம் முடிந்ததும் கிணறுகளை நோக்கிப் போய்விடும் மந்தைகள், தண்ணீர் விலைக்குக் கிடைத்ததால் அங்கேயே தங்கின. தொட்டியைச் சுற்றி ஊரும் வேலியும் எழுந்தன. மறுபடி தழைக்க இடைவெளி கிடைக்காத புல் அழிந்தது. தண்ணீருக்கு விலை வைத்தவர்கள் புல்லுக்குப் பொறுப்பேற்கவில்லை. 1991க்குப் பின், துப்பாக்கி ஏந்தியவர்களின் துணையோடு வேலமரங்கள் வெட்டிக் கரியாக்கப்பட்டு, தெற்கிலுள்ள கிஸ்மாயோ துறைமுகம் வழியே வளைகுடா நாடுகளுக்குப் போயின. போர்க்குழுக்களுக்கு அது வருவாயாகவே ஆகிவிட்டதால் 2012 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அது சந்தையல்ல, கொள்ளை என்று சந்தையின் அன்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கொள்ளையைத் தடுத்திருக்க வேண்டியது விலையா, குலப் பெரியவர்களின் கட்டுப்பாடா? என் கணிப்பில், நகரக்கூடிய பொருளுக்குச் சந்தையும், நகர்த்த முடியாத புல்லுக்கும் மரத்துக்கும் பொதுவுடைமையும் பொருந்துகின்றன. இரண்டும் நிற்பது ஈடு கட்டவைக்கும் ஆற்றலுள்ள ஒரு குழுவின் மேல்தான்.

பொதுவுடைமையின் அன்பர்களும் ஒன்றைப் பார்க்கவேண்டும். சோமாலியாவின் ‘பொது’ குலத்தோடு முடிந்துவிடுகிறது. ஜூபா ஆற்றங்கரையில் பயிரிட்டு வாழ்ந்த பாண்டு இன உழவர்கள் வலிமையான குலங்களுக்கு வெளியே நின்றவர்கள். 1991லும் 1992லும் ஆயுதக் குழுக்கள் அவர்களுடைய தானியக் குதிர்களைச் சூறையாடி நிலத்தைப் பறித்தபோது, அவர்களுக்காக 100 ஒட்டகம் கேட்டு வழக்குப் பேச ஒரு பெரியவரும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.