அடிக்கிறவன் கையில் போத்தல் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய டெலிமூவி கதையை, டிவிக்கு எடுக்கப்போகிற படக் கதையை, முழுதாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரமாக வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கள்ளுக்கடை எல்லாம் கண்ணில் நிற்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் புருஷனை மட்டும் மாற்றிவிடு.

சம்சு சாராயம் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்து, பெண்டாட்டியின் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு உதைக்கிறவன். இவனைத் திடலில் திரை கட்டிப் படம் போட்ட காலத்திலிருந்தே பார்த்துவருகிறோம். சம்சுவால் பாழான குடும்பங்கள் நம் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் நன்றாக யோசித்துப் பார். அந்தக் குடிகாரன் வேலை வாங்கும் மண்டோர் மேல் கை வைப்பதில்லை, கணக்கெழுதும் கிராணி மேல் கை வைப்பதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அடிக்கிறான். யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்கிற நிதானம் அவ்வளவு போதையிலும் அவனுக்கு இருக்கிறது. படத்தில் போத்தலைக் காட்டிவிட்டால் பழி முழுக்கப் போத்தல் மேல் போய்விடுகிறது.

நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தபோது ஒரு பெண் பெரட்டுக்கு முன்னால், இருட்டோடு, பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். கொஞ்ச நாளாகப் பிள்ளையை இடது கையாலேயே நீட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் வலது மணிக்கட்டு வீங்கி, பெருவிரலை மடக்க முடியாமல் இருந்தது. கேட்டதற்கு ரப்பர்ப் பால் வாளி தடுக்கிவிட்டது என்றாள். அவள் புருஷன் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். கோயிலில் தேவாரம் பாடுவார், பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். சம்பள நாளில் ஆபீஸ் வாசலிலேயே நின்று அவள் கையிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்வார். அவள் ஐசி, அதுதான் அடையாள அட்டை, அவருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. டவுனுக்குப் போகவேண்டும் என்றாலும் அவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

எதிர் லயத்தில் குடிகாரன் சத்தம் போட்டால் நாலு பேர் போய்க் கதவைத் தட்டுவார்கள். இந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. "அவரா? இருக்காது" என்று முடித்துவிட்டார்கள். அடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று ஊர் மனத்தில் ஒரு முகம் பதிந்திருந்தது. அதைப் பதித்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் உன்னை இவ்வளவு நச்சரிக்கிறேன்.

பழைய படங்களில் இன்னொன்றும் உண்டு. படித்த, வாய் துடுக்கான பணக்காரப் பெண்ணைக் கதாநாயகன் ஓங்கி ஒன்று விடுவான். மறு காட்சியில் அவள் புடவை கட்டி, பொட்டு வைத்துக் காப்பி கொண்டுவருவாள். திடல் முழுக்க விசில் பறக்கும். அதே ஆட்கள் மறுநாள் பக்கத்து வீட்டில் அழுகை கேட்டால், "என்ன வாய் பேசினாளோ" என்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பெரியவர்கள் வேறு சொல்லி வைத்திருக்கிறார்களே, இது எப்படித் தப்பாகத் தெரியும்?

இப்போது வேறு மாதிரியும் எடுக்கிறார்கள். 2020இல் வந்த 'தப்பட்' என்ற இந்திப் படம் பார்த்தேன். வசதியான வீடு, விருந்தாளிகள் முன்னால் ஒரே ஓர் அறை. "ஓர் அறைதானே" என்று சுற்றி உள்ளவர்கள் சமாதானம் சொல்ல, அவள் விவாகரத்துக் கேட்கிறாள். 2022இல் வந்த மலையாளப் படம் 'ஜெய ஜெய ஜெய ஜெய ஹே'. அதில் புருஷன் கோழிப்பண்ணை நடத்துகிற ஆள். அடிப்பான், மன்னிப்புக் கேட்பான், மறுபடியும் அடிப்பான். அந்தச் சுழற்சியை அப்படியே காட்டியிருக்கிறார்கள். அவள் சண்டை கற்றுத் திருப்பி உதைக்கும்போது எனக்கும் கை தட்டத் தோன்றியது. ஆனாலும் அந்த மணிக்கட்டு வீங்கிய பெண் எங்கே போய் உதைக்கக் கற்பாள்?

உன் கதையில் அண்ணன்காரன் வந்து புருஷனைப் புரட்டி எடுக்கிறான், புருஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுது திருந்துகிறான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். இந்த முடிவைப் பார்த்துப் பழகித்தான் எத்தனையோ பெண்கள் "என்றாவது திருந்துவார்" என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடு. அவளுக்கு என்ன வழி இருக்கிறது என்று காட்டு.

நம் மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் அமலுக்கு வந்தது. மிரட்டுவதும் அடைத்துவைப்பதும் மனத்தை வதைப்பதும் அந்தச் சட்டத்தின்படி வன்முறைதான். 2017இல் செய்த திருத்தத்தில் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. கோர்ட் ஏறாமலே சமூகநல அதிகாரி அதைக் கொடுக்கலாம், 7 நாள் செல்லும். அதற்குள் போலீஸ் புகார், கோர்ட் உத்தரவு என்று அடுத்ததைப் பார்க்கலாம். அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே (Talian Kasih) 15999க்கு எந்த நேரமும் அழைக்கலாம். இதையெல்லாம் பிரசங்கமாக வைக்காதே. சமூகநல அலுவலக நாற்காலியில் அவள் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கட்டும், அதிகாரி கேள்வி கேட்கட்டும், அவள் திக்கித் திக்கிச் சொல்லட்டும். பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

அவள் வாசல்படி தாண்டியதும் 'வணக்கம்' போட்டு முடித்துவிடாதே. விட்டுப் போகிற நேரத்தில்தான் ஆபத்து கூடுகிறது. நான் சொன்ன பெண்ணை அவள் அண்ணன் வந்து குலிம் ஊரில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த மரியாதைக்காரர் அங்கேயும் போய், எதிர்க்கடையில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, காலையிலிருந்து கடை சாத்தும்வரை அவர்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லை, கை ஓங்கவில்லை. அவள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தாள். அந்தத் தேநீர்க் கடையை எழுது தம்பி. மறுபடி எழுதியதும் அச்சடித்துத் தபாலில் அனுப்பு, போனில் படித்தால் கண் எரிகிறது.

அன்புடன்,
அம்மா
சுங்கை சிப்புட்