கும்பகோணம் போய் வந்த பிறகு: ஏழாம், எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை கும்பகோணம் போன 52 பிள்ளைகளும் நல்லபடியாகத் திரும்பிவிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் போகும்போது பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தில் இன்னும் நாலு பேர் பிழைத்தார்கள், அவருக்கு என் நன்றி.

திங்கட்கிழமை காலையிலிருந்து எனக்கு ஐந்து போன் வந்தது. ஐந்திலும் ஒரே கேள்விதான். "ராமானுஜன் ஃபெயில் ஆனார்னு பிள்ளைங்ககிட்ட எதுக்கு டீச்சர் சொன்னீங்க? வீட்டுக்கு வந்ததிலிருந்து அதையே பாட்டாப் பாடிக்கிட்டிருக்கு." கேட்டது நியாயம்தான். தனித்தனியாகப் பதில் சொல்லியும் ஆயிற்று. இன்னும் கேட்காதவர்கள் மனதிலும் இது இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீடு இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் பதினோரு நிலைக் கோபுரம் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்த கண்ணோடு வீட்டு வாசலில் வந்து நின்றால் யாருக்கும் சப்பென்றுதான் இருக்கும். எங்கள் பிள்ளைகளும் "இவ்ளோதானா டீச்சர்?" என்றார்கள். ஓட்டு வீடு. வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். பிறகு கூடம், அடுக்களை, கொல்லையில் கிணறு. இப்போது ராமானுஜனின் மார்பளவுச் சிலை ஒன்றும் உண்டு. 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வீட்டை வாங்கிப் பராமரித்து வருகிறது. சாதாரணமாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்பி, மற்றவர்களை வெளியே உட்கார வைத்து, "இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம்.

ராமானுஜன் இருந்தார், சரி. அப்புறம்?

அப்பா ஸ்ரீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அது போதாமல் அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். அதுவும் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறியது. பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் பையன் கறந்துவிட்டான். பிறகு திரிகோணமிதிப் புத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதில் அதை முடித்தும்விட்டான். "அப்போ பணக் கஷ்டம் இல்லன்னா அந்த அண்ணனுங்க வந்திருக்க மாட்டாங்கல்ல?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். கணக்குப் பரீட்சையில் அவன் என்ன வாங்குகிறான் என்பது எனக்கும் அவன் அப்பாவுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் என்றால், வந்து தங்காமல் போனவர்களையும் சேர்க்க வேண்டும். ராமானுஜனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அவருக்கே 1889 டிசம்பரில், இரண்டு வயது ஆகும் சமயத்தில், பெரியம்மை கண்டது. அந்த மோசமான காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் அம்மைக்கு நாலாயிரம் பேர் போனார்கள், இவர் பிழைத்தார். இதைச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையில் தடுப்பூசித் தழும்பு தேட ஆரம்பித்துவிட்டார்கள். அது அம்மைத் தழும்பு இல்லை என்று புரியவைக்க அறிவியல் ஆசிரியைக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது.

திண்ணையில் வைத்துச் சிலேட்டைப் பற்றியும் பேசினோம். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் கணக்கெல்லாம் சிலேட்டில் போட்டு, துணி தேடக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். விடை வந்தால் அது மட்டும் நோட்டில் ஏறும். வழிமுறை முழங்கையோடு போய்விடும். அந்த நோட்டுகளில் நிரூபணம் பெரும்பாலும் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுவிட்டு, "ராமானுஜனே ஸ்டெப்ஸ் எழுதல" என்று என் வகுப்பில் இரண்டு பேர் வாதம் செய்கிறார்கள். நீங்கள் துணை போக வேண்டாம்.

சரி, ஃபெயில் விஷயத்துக்கு வருகிறேன். டவுன் ஹைஸ்கூலில் அவர் கெட்டிக்காரர். 1904இல் கணக்குக்கு ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணக்கைத் தவிர எதிலும் புத்தி போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை, ஸ்காலர்ஷிப் பறிபோனது. கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரிடம் போய் வாதாடிப் பார்த்தார். முதல்வர் மரியாதையாகப் பேசினார், ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளாக, இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு நெளியும். 1905இல் பதினேழு வயதில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். செய்தித்தாளில் காணவில்லை அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். அப்புறம் சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. (அந்தக் காலத்தில் கல்லூரியின் முதல் கட்டத் தேர்வு) தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும்வரை படம் இதுதான். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், 1918இல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் இடம் எல்லாம் பிற்பாடு. அவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

இவ்வளவும் நடந்தபோது அந்தப் பையன் திரும்பி வந்து படுத்தது அந்த ஜன்னலோரக் கட்டில் இருக்கும் வீட்டில்தான். அதைக் காட்டிவிட்டு இதை மறைப்பதென்றால், ஐம்பத்திரண்டு பிள்ளைகளை இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் ஏற்றிப் போவானேன்? படம் போதுமே. நானும் இருபது வருடமாக "ராமானுஜன் கணக்கில் நூறு, நீ என்ன?" என்று வகுப்பில் கேட்ட ஆள்தான். அந்த வசனத்தை நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் வீட்டில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஃபெயிலானால் பரவாயில்லை என்று பிள்ளை அர்த்தம் பண்ணிக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள். ஆங்கிலக் கட்டுரை நோட்டோடு.

எல்லாரையும் உலுக்கிய கேள்வி ஒன்று கடைசியில் வந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவர் பொண்டாட்டி எங்க டீச்சர் படுத்தாங்க?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. ஜானகிக்கு 1909இல் கல்யாணம் ஆனபோது வயது பத்து. கணவர் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவரை அழைத்துப் போகவில்லை. அங்கிருந்து வந்த கடிதங்கள் மாமியாரைத் தாண்டித் தன் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1919இல் திரும்பி வந்த கணவரை ஒரு வருடம் கவனித்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் கணவர் இறந்ததோடு அதுவும் முடிந்தது. அப்போது ஜானகிக்கு 21 வயது. தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்தே பிழைத்து, ஒரு பையனையும் தத்தெடுத்து வளர்த்தார். 1994வரை இருந்தார். நம்மில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இதிலிருந்துதான் இந்த வார வீட்டுப்பாடம். பிள்ளைகள் தங்கள் வீட்டின் படத்தை, அல்லது தாத்தா பாட்டி வீட்டின் படத்தை, மேலிருந்து பார்ப்பதுபோல வரைய வேண்டும். எந்த இடத்தில் யார் படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் பிறந்தார்கள், யார் வந்து தங்கிப் போனார்கள் என்று குறிக்க வேண்டும். வாடகை வீடு, ஒற்றை அறை வீடு, இடித்துவிட்ட வீடு எதுவானாலும் சரி. ராமானுஜன் பிறந்ததே ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்கள் இருந்த வீட்டில்தான். சார்ட் பேப்பர், பளபளப்பு ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். நோட்டுத்தாள் போதும். அருள்கூர்ந்து நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவோம். பாட்டிமார் இருக்கும் வீடுகளில் மட்டும் ஒரு மாலைப்பொழுது டிவியை அணைத்துவைத்து உதவினால் நல்லது. அடுத்த புதன்கிழமைக்குள் வர வேண்டும்.

பஸ் வாடகையும் டிபனும் போக ஆளுக்கு 18 ரூபாய் மிச்சம். நாட்குறிப்பில் ஒட்டிய கவரில் கொடுத்தனுப்பியிருக்கிறோம், எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பஸ்ஸில் விட்டுப்போன நீல நிறத் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி ஒன்று, இடது கால் செருப்பு ஒன்று ஆபீசில் இருக்கின்றன. செருப்புக்குரிய பிள்ளை ஒற்றைக் காலோடு எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை