ஒய்.பி.க்குப் படம் பிடிக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு ஒய்.பி.யிடம், அதுதான் மக்கள் பிரதிநிதியிடம், ஊடக வேலைக்குச் சேர்ந்துவிட்டாயாமே, சித்தி சொல்லித்தான் தெரியும். சந்தோஷம். அந்த உலகம் எனக்கும் கொஞ்சம் தெரியும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் தலைவர்களுக்கு மாலை கட்டித்தானே உன்னைப் படிக்க வைத்தோம்.

தேர்தல் வந்தால் கேமரன் மலையிலிருந்து செவ்வந்தி வந்து இறங்கும், விடிய விடியக் கட்டுவோம். ஆளுயர மாலை கேட்டு வருகிறவர்கள் பூ புதுசா என்று கேட்கமாட்டார்கள், படத்தில் எடுப்பாகத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதனால் முன்பக்கம் ரோஜாவை நெருக்கிக் கட்டுவேன், பிடரிப் பக்கம் பூ பேருக்குத்தான். தலைவர் கழுத்தில் அது அரை நிமிஷம்கூடத் தங்காது. கழற்றித் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவார், யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஒரே ஒருத்தர் முன்வரிசைப் பாட்டிக்குப் போட்டுவிட்டார். அதுவும் படத்துக்குத்தானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வேஷம் போடாத மனுஷர் யார்? கடன் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் நானும்தான் பல்லைக் காட்டுகிறேன். போடுகிறவரே அதை நம்பிவிட்டால்தான் வம்பு. ம.இ.கா. கட்சித் தலைவராக இருந்த டத்தோஸ்ரீ சாமிவேலுவை எடுத்துக்கொள். அரசாங்க ஒலிபரப்பான ஆர்.டி.எம்.மில் தமிழ்ச் செய்தி வாசித்த குரல், மேடையேறினால் கூட்டம் அசையாது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதி அவர் கையில். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கம் கூப்பிட்டு நம் ஜனம் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகையை வாங்கியது. அதற்குப் பிறகும் எங்கள் கடையில் கட்சி மாலை ஆர்டர் குறையவே இல்லை. மறு மார்ச்சில் தோற்றார். "ஐயா, ஜனம் நம்ம பக்கம் இல்லை" என்று பக்கத்தில் இருந்தவர்களில் ஒருத்தராவது துணிந்து சொல்லியிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரதமராக இருந்த நஜிப் கதை வேறு. பத்துமலைத் தைப்பூசத்துக்குக் குர்தா போட்டு வந்தார், நம்மிடம் 'நம்பிக்கை' என்று தமிழிலேயே பேசினார். 2018-ல் ஆட்சி போனது. மறு வருஷமே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து 'போஸ்கு', அதாவது 'என் பாஸ்', ஆகிவிட்டார். நீதிமன்றத்தில் ஊழல் வழக்கு நடந்தது, வெளியே பிள்ளைகள் செல்ஃபிக்கு முண்டியடித்தார்கள். 2022-ல் காஜாங் சிறைக்குப் போனார். அந்த மோட்டார் சைக்கிள் படத்தையும் உன்னைப்போல ஒரு பிள்ளைதான் கோணம் பார்த்து எடுத்திருப்பான்.

உங்கள் ஒய்.பி. தமிழ்ப்பள்ளிக்கு மாதிரிக் காசோலை கொடுக்கிற படத்தைப் பேஸ்புக்கில் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. நம் கோயிலுக்கும் முன்பு ஒருத்தர் கதவளவு அட்டையில் பத்தாயிரம் வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார். படம் எடுத்த கையோடு அந்த அட்டையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பணத்துக்காகக் கோயில் செயலாளர் அலையாய் அலைந்ததை நீயும் பார்த்திருக்கிறாய்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு நீயே போன் போட்டு, பணம் கைக்கு வந்ததா என்று கேள். வரவில்லை என்றால் ஒய்.பி.யிடம் முகத்துக்கு நேராகச் சொல். கூட்டத்தில் எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல். திட்டினால் திட்டட்டும்.

தீபாவளி லீவை முன்கூட்டியே கேட்டு வை. கடைசி நேரத்தில் பஸ் டிக்கெட் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா