கதவைத் திறப்பதற்கு நான்கு கட்டங்கள்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? நாலு நிமிட அனிமேஷன் குறும்படத்தின் ஸ்கிரிப்டை மூன்றாவது தடவையாகத் திருத்துவதாக எழுதியிருந்தாய். போதும், நிறுத்திவிட்டு ஸ்டோரிபோர்டில் இறங்கு, அதாவது கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து வரிசைப்படுத்து. வசனம் கதையைச் சுமக்கிற படமென்றால் இப்படிச் சொல்லமாட்டேன். உன் கதையில் பேச்சு குறைவு, செயல்தான் அதிகம்.

"தயங்கியபடி கதவைத் திறக்கிறாள்" என்ற உன் வரியையே எடுத்துக்கொள். எழுத்தில் அது முடிந்துபோன விஷயம். வரைய உட்கார்ந்தால்தான் தயக்கம் எங்கே தெரிகிறது என்ற கேள்வி வரும். கை தாழ்ப்பாளுக்கு இரண்டு விரல்கடை முன்னால் நிற்கிறது. விரல்கள் மடங்குகின்றன. கதவிடுக்கு வெளிச்சத்தை ஒரு நிழல் கடக்கிறது. பிறகுதான் தாழ்ப்பாள். நான்கு கட்டம், முகமே தேவைப்படவில்லை, பார்!

1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் ஓவியங்களைப் பலகையில் வரிசையாகக் குத்திவைக்கும் முறை வளர்ந்தது. கதை எந்த இடத்தில் இழுவையாகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும், ஊசியைப் பிடுங்கி இடம் மாற்றிவிடலாம். இன்றும் சில கார்ட்டூன் தொடர்களில் எழுத்தாளர் தருவது சிறு கதைச்சுருக்கம் மட்டுமே. வசனத்தையும் போர்டு வரைபவரே எழுதுகிறார்.

அந்தச் சுருக்கத்தை மட்டும் நீயும் விட்டுவிடாதே. ஒரு பக்கம், பத்துப் பன்னிரண்டு வாக்கியம்: அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எப்படி முடிகிறது. இது இல்லாவிட்டால் அருமையான கட்டங்களாகச் சேரும், கதை நகராது.

பிறகு 3 அங்குல ஒட்டுத்தாளும் தடித்த மார்க்கரும் எடு. ஒரு தாளுக்கு ஒரு செயல், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குச்சி மனிதர்கள் போதும். அரைமணி நேரம் இழைத்து வரைந்த தாளைக் கிழிக்க மனசு வராது, அதனாலேயே வேண்டாத காட்சி படத்தில் தங்கிவிடும். எண்களை 10, 20, 30 என்று போடு. நடுவில் ஒன்றைச் செருக 15 இருக்கும். திசையையும் கவனி. இடமிருந்து வலமாக ஓடியவள் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக ஓடினால், திரும்பி வருகிறாள் என்றுதான் தோன்றும். ஸ்கிரிப்டை எத்தனை முறை படித்தாலும் இந்தத் தப்பு கண்ணில் படாது.

அடுத்தது அனிமேட்டிக், அதாவது கட்டங்களை நேரக்கணக்கோடு ஓடவிடும் மாதிரி வீடியோ. கட்டங்களைப் போட்டோ எடுத்து எடிட்டிங்கில் வரிசையாகப் போட்டு, உன் குரலிலேயே வசனத்தைச் சேர். நேரத்தை ஊகிக்காதே, எழுந்து நின்று நடித்துப் பார்த்து ஸ்டாப்வாட்சில் அள. அதன்பின் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டு. நடுவில் வாய் திறந்து விளக்கிவிடாதே, அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்று மட்டும் பார்.

வெட்டுவதெல்லாம் இந்த நிலையிலேயே நடக்கட்டும். நொடிக்கு 24 ஃபிரேமில், ஓர் ஓவியம் இரண்டு ஃபிரேம் நின்றால், மூன்று நொடி ஷாட்டுக்கு 36 ஓவியம். வரைந்தபின் வெட்டினால் அத்தனையும் வீண், இப்போது தூக்கினால் போவது ஒன்றிரண்டு ஒட்டுத்தாள்தான்.

குரல் கொடுப்பவர்களுக்கு எழுத்துப் பிரதி வேண்டுமே என்று கேட்பாய். அனிமேட்டிக் உறுதியானதும் போர்டிலிருந்து வசனங்களைக் கட்ட எண்ணோடு பெயர்த்து எழுதிக் கொடு.

முதல் முப்பது கட்டங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. வசனம் எதுவும் எழுதாதே; படத்தை மட்டும் பார்த்து எனக்கு என்ன புரிகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்