ஈர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தமிழ்நாடு அரசு 2025இல் வெளியிட்ட திருநர் கொள்கையை வரவேற்ற தங்கள் தலையங்கம், பள்ளிகளைப் பற்றியும் பேசியது நிறைவளித்தது. ஆயினும், ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டுமல்லாதவராகவோ உணர்வதும், யார்மீதும் பாலியல் நாட்டம் எழாத இயல்பும் வெவ்வேறானவை என்பதை ஆசிரியர்களில் பலரே இன்னும் பிரித்தறியவில்லை. நான் வகுப்பாசிரியையாக இருந்தபோது பிளஸ் டூ மாணவி ஒருத்தி, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, “எனக்கு யார் மேலயும் அப்படித் தோணல மிஸ், நான் பொண்ணே இல்லையா?” என்று கேட்டாள். பெண்ணாகவே தன்னை முழுதாக உணர்ந்திருந்த அவளிடம், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அறியாமைக்காக இன்றும் வருந்துகிறேன்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அளித்த தீர்ப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்கும் பாலின அடையாளம், பாலியல் ஈர்ப்பு பற்றிய புரிதல் சென்றுசேர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே இவற்றைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது. அப்பட்டியலை ஆசிரியர் பயிற்சியில் ஒரு வகுப்பாகவேனும் நடத்தவும், கழகக் கூட்டங்களில் படித்து விளக்கவும் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்