வேனில் போனவன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு மே மாதமும் 'வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி' என்று செய்தி வருகிறது. 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 95.88 விழுக்காடு, மாணவர்கள் 91.74. பையன்கள் செல்போனால் கெட்டார்கள் என்று பேசி முடித்துவிடுகிறோம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் இருபது வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். பத்தாவதில் சறுக்கப்போகிறவனை ஆறாவதிலேயே பார்த்துவிடுகிறோம்.

சென்ற ஜூனில் அப்படி ஒருவன் சேர்ந்தான். எல்.கே.ஜி. முதல் ஐந்தாவது வரை வேனில் போய் ஒரு தனியார் பள்ளியில் படித்தவன். கட்டணம் கட்ட முடியாமல் எங்களிடம் வந்தான். பாடத்தை வாசிக்கச் சொன்னதும் கணீரென்று ஆரம்பித்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தால், விரல் இரண்டு வரி பின்னால் நிற்கிறது. முன்னால் வாசித்த பிள்ளைகளிடம் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான்! கரும்பலகையில் 'கொக்கு' என்று எழுதினேன். 'கெக்கு' என்றான். துணைக்கால் அவன் கண்ணிலேயே படவில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ரைம்ஸ் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அவன் தங்கை எங்கள் பள்ளியில்தான் நான்காவது படிக்கிறாள். செய்தித்தாளைத் திணறாமல் வாசிப்பாள். "ஏம்மா, இவளை மட்டும் இங்க சேர்த்தீங்க?" என்று அவர்கள் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியாது டீச்சர். அவன் பையனாச்சே" என்றார்.

தனியார் பள்ளி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. (என் மகனும் அங்கே படித்தவன்தான், மறைப்பானேன்?) ஆனால் 2022 முதல் எங்கள் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' என்ற தொடக்க வகுப்புத் திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து எழுத்துச் சொல்லித் தருகிறோம். தங்கைக்கு அது கிடைத்தது. இவன் அந்த வருடங்களில் வேனில் போய்விட்டான்.

பள்ளி தேடும் பெற்றோர் சீருடையையும் டையையும் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை, இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பள்ளிக்கும் வந்து கேளுங்கள். எல்லாரும் வாசித்துவிடுவார்கள் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பையன் இப்போது, படிப்பில் பின்தங்கியவர்களுக்கு எங்கள் பள்ளியில் நடக்கும் 'திறன்' வகுப்பில் இருக்கிறான். 'கொக்கு' வந்துவிட்டது. 'கௌதாரி'யில் நிற்கிறான்.

- ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்